பதினோரு வெள்ளி ஸ்டிக்கர்

"பெத்த பொண்ணு மேல இவ்வளவுதான் அக்கறையா, நாரே அம்மா?"

குடியிருப்பின் மகளிர் சங்கத் தலைவி ஓக்-சிம் மி-ரானிடம் கேட்டார்.

விஷயம் இதுதான். டேப்லெட்டிலிருந்து வரும் அலைகள் பிள்ளைகளின் எலும்பை வளரவிடாது, பின்பக்கம் ஒரு வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டினால் அலை அடங்கிவிடும் என்று மா என்ற விற்பனையாளர் வந்து விளக்கியிருந்தார். ஒன்றின் விலை இருபதாயிரம் வொன். குடியிருப்பின் படிப்பறைக்கு வரும் பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோரு பேருக்கு வாங்கியாயிற்று. பாக்கி, மி-ரானின் மகள் நாரே மட்டும். ஒன்பது வயது. கூட்டத்திலேயே குள்ளம்.

அந்தச் செவ்வாய் மாலை, மா எல்லாருடைய உயரத்தையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பதினோரு நாள் கழித்து மறுபடி அளப்பது, பிள்ளைகள் வளர்ந்திருந்தால் ஸ்டிக்கர் இல்லாத டேப்லெட்டோடு நாரே படிப்பறைக்குள் வரக்கூடாது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை ஏழு மணி. பல் துலக்கிய கையோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

பதினோரு பேரும் வளர்ந்திருந்தார்கள். குறைந்தது ஏழு மில்லிமீட்டர், அதிகம் பதினொன்று.

"இப்பவாச்சும் நம்புறியா?" என்றார் ஓக்-சிம்.

நாரேயையும் அளக்கச் சொன்னாள் மி-ரான். அவளும் எட்டு மில்லிமீட்டர் வளர்ந்திருந்தாள்.

மா அசரவில்லை. பதினோரு ஸ்டிக்கருக்கு நடுவே உட்கார்ந்தால் பலன் பக்கத்திலும் பரவும் என்றார். தாய்மார்களுக்கு அது நியாயமாகவே பட்டது. "இவ கொசுறுல வளந்தவ" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

மி-ரான் வாசலுக்குப் போய், அப்போதுதான் தூங்கி எழுந்திருந்த காவலாளி கில்லை அழைத்து வந்தாள். அந்தச் செவ்வாய் மாலை அளவுகோல் சரியாக நிற்கிறதா என்று பார்க்க, மா முதலில் நிறுத்தியது அவரைத்தான். தாளின் முதல் வரியில் அவர் உயரம் இருந்தது.

கில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். எட்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது.

"எனக்கு அறுபத்தேழு வயசும்மா" என்றார். "வீட்ல சொன்னா நம்ப மாட்டாளே."

படுத்து எழுந்ததும் யாரும் கொஞ்சம் உயரமாகத்தான் இருப்பார்கள், பொழுது சாயச் சாயக் குறையும் என்று மி-ரான் மெதுவாகச் சொன்னாள். முதலில் அளந்தது மாலையில், இப்போது காலையில்.

"சாயங்காலம் வாங்க, இன்னொரு தடவை அளந்து பாத்துடலாம்."

மாவுக்குச் சாயங்காலம் வேறு ஊரில் வேலை இருந்தது. பையை மூடினார். ஓக்-சிம் வாசல் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பதினோரு பேர் பணமும் திரும்பி வந்த பிறகுதான் எழுந்தார்.

எழுந்தவர் நேரே மி-ரானிடம் வந்தார்.

"நீ பேக்கரியில ரொட்டி சுடுறவ. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

மி-ரான் நாரே தள்ளி நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"காலையில ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி தினமும் இவளை அளக்கறேன், அக்கா. ரெண்டு வருஷமாச்சு."