மாறிப்போன வில்லை

"உன் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு எங்க போறார்னு கேட்டியா மௌரீன்? மல்லேஸ்வரத்துல ஒரு ஐயங்கார் வீட்டுக்கு. ஒரு பொம்பளை காப்பி குடுக்குது. வாராவாரம்."

பக்கத்து வீட்டு நோரா முறுக்கைக் கடிச்சுக்கிட்டே சொன்னா.

மௌரீனுக்குச் சோறு இறங்கல. நாப்பத்தஞ்சுல பர்மா சண்டையில புருஷன் ஜெயராஜ் செத்துட்டார்னு தந்தி வந்து, அவ கறுப்புச் சேலை கட்டி, நீலசந்திராத் தெருவே கூடி அழுதுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு மனுஷன் தானா நடந்து வந்தார். அப்படி வந்தவர் இப்படியா?

அவர் சட்டைப் பையைத் துழாவினா. பட்டாளத்துக்காரங்க கழுத்துல மாட்டுற சிவப்பு வில்லை. மேல பேரு, சேஷகிரி.

"யாருங்க இது?"

ஜெயராஜ் கட்டில்ல உக்காந்துட்டார்.

"பட்டாளத்துல என்கூட வயர்லெஸ் வேலை பாத்தவன். ஆத்துல குளிக்கறப்ப ரெண்டு பேரும் வில்லையைக் கழட்டி ஒரே கல்லு மேல வெச்சோம். குண்டு விழுந்துச்சு. ஓடற அவசரத்துல மாத்தி மாட்டிக்கிட்டோம். அவன் போயிட்டான். கழுத்துல என் பேரோட."

"அதான் எனக்குத் தந்தி வந்துச்சா."

"அவன் பொண்டாட்டி ருக்குகிட்ட சொல்லத்தான் போறேன். அவங்களுக்கு இன்னும் தந்தி வரல போல. நெத்தி நிறைய குங்குமத்தோட வந்து நிக்கறாங்க. எனக்கு வாய் வரல. காப்பியைக் குடிச்சுட்டு வந்துடறேன்."

"குடுங்க இதை. நான் போய்ச் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை மௌரீன் தனியாப் போனா. கதவைத் திறந்த ருக்குவோட நெத்தி வெறும் நெத்தியா இருந்துச்சு.

மௌரீன் வில்லையை நீட்டினா. ருக்கு வாங்கி, அந்தப் பேரை விரலால தடவினா. அப்புறம் திருப்பி மௌரீன் கையிலேயே வெச்சா.

"தந்தி வந்து நாலு மாசமாச்சு. இது உங்காத்துலயே இருக்கட்டும். உங்க குழந்தைகளுக்குக் காட்டி இவர் பேரைச் சொல்லுங்கோ. எங்கிட்ட சொல்ல உங்களுக்கும் வாய் வரலன்னு அவர்ட்ட சொல்லிடுங்கோ."

"அப்ப ஞாயித்துக்கிழமை குங்குமம்?"

"முதல் தடவை வந்தப்போ அவர் காப்பியை வாங்கிண்டு உக்காரவே இல்லை. தான் பொழைச்சு வந்ததே தப்புங்கற மாதிரி நின்னார். அடுத்த வாரம் தந்தி வந்துடுத்து."

ருக்கு உள்ள ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு, குரலைத் தாழ்த்தினா.

"மாமியார் திட்டறா. இருந்தாலும் அவர் வர்ற அரை மணி நேரம் மட்டும் குங்குமம் வெச்சுக்கறேன். தானா சொல்ற தைரியம் அவருக்கு வர்ற வரைக்கும்."