சாயாத மெஷின்

"எடுத்தது நீங்கதானே? ஆமாவா, இல்லையா?"

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், தலைவரான பல் டாக்டர் மேஜையைத் தட்டினார். மேஜை மேல் சின்ன ரவுட்டர் மெஷின். பலகை ஓரத்தை வழவழவென்று உருட்டி விடுகிற சாதனம், ஒரு கைக்குள் அடங்கிவிடும். இப்போது அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் தகடு. திருகாணி போட்டு முடுக்கியிருந்தது.

"ஆமா. நான்தான்," என்றார் டிரைவர்.

டிரைவர் என்றால் பழைய டிரைவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மரப் பட்டறை. அதைத் திறப்பதும் அவர்தான், பூட்டுவதும் அவர்தான். மனைவி போன பிறகு அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"நோட்டீஸ் போர்டு மேல இருந்த தகடு அது. பொதுச் சொத்து. மெஷினும் பொதுச் சொத்து. யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

"மூலை உடைஞ்சு கழண்டு கிடந்துச்சு. புதுசு வாங்கி மாட்டிடலாம்னு..."

"மாட்டினீங்களா?"

"இன்னும் இல்ல."

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். சுவரோரம் நின்றிருந்த சங்கச் செயலாளரின் மனைவிக்குக் காது சுட்டது. அந்தத் தட்டைச் செய்து தரச் சொன்னவளே அவள்தான்.

போன மாதம் புத்தக அலமாரிக்கு ஒரு பலகை செய்தாள். ஓரம் உருட்டும்போது மெஷின் பொசுக்கென்று சாய்ந்தது. பலகையில் ஒரு கடி. கணவர் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்கய்யா, எங்க வீட்டுல எலி வளர்க்கிறோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேறென்ன செய்ய?

மறுநாள் ஆளில்லாத நேரமாகப் பார்த்து டிரைவரிடம் போனாள்.

"உன் கை மேல தப்பில்லம்மா," என்றார் அவர். "மெஷினுக்குத் தலை கனம், கால் சின்னது. ஓரத்துக்குப் போனா பாதிக் கால் அந்தரத்துல நிக்குது. சாயாம என்ன பண்ணும்? அடித்தட்டை அகலமாப் போட்டு, பலகைப் பக்கம் ஒரு கைப்பிடி வச்சு அமுக்கிப் பிடிச்சா அசையாது."

வைத்துக் கொடுத்தார். அசையவில்லை. மிச்சப் பலகைகளை ஒரு கடி இல்லாமல் முடித்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை. தட்டு வைத்தால்தான் உனக்கு வேலை ஓடுமா என்று கணவர் அதற்கும் ஒரு கூட்டம் சேர்ப்பார்.

இப்போது வாயைத் திறக்க வேண்டிய நேரம். வாய் வரவில்லை.

"யாருக்காகச் செஞ்சீங்க?" பல் டாக்டர் விடுவதாக இல்லை. "நீங்க இந்த மெஷினைத் தொட்டு நான் பாத்ததே இல்ல. யாரோ கேட்டுத்தான் செஞ்சிருக்கீங்க."

"கேட்டவங்க கேட்டாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன்."

"அவ்வளவு பெரிய ராணுவ ரகசியமா?"

"யாருக்கா இருந்தா என்ன டாக்டர்?" செயலாளர் குறுக்கே பாய்ந்தார். "விதின்னா விதி. தட்டைக் கழட்டிட்டு, பட்டறைச் சாவியை வச்சிட்டுப் போகட்டும். பேச்சை வளர்க்காதீங்க."

"இல்ல சார், தெரிஞ்சாகணும்..."

"தெரிய வேண்டாம்! முடிங்க."

அவளுக்குக் கணவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. வயசான மனுஷனாச்சே என்ற ஈரம்கூட இல்லையே! அந்தக் கோபமும் நிலைக்கவில்லை. நீ மட்டும் என்ன ஒழுங்கு என்று உள்ளே ஒன்று கேட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

டிரைவர் திருப்புளியை எடுத்தார். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தட்டு கையோடு வந்தது. அதை மேஜை மேல் வைத்தார். பையிலிருந்து சாவியை எடுத்து, தட்டின் மேல் வைத்தார்.

அவள் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே காட்டிக் கொடுத்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அதுதான் அவளைக் கொன்றது.

கதவருகே போய்விட்டார்.

"அண்ணே, நில்லுங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் கேட்டேன்," என்றாள். "எனக்குத்தான் மெஷின் சாயுது. இவர் எலின்னு சொன்னாரே, அதுக்கு மறுநாள் கேட்டேன். இதையும் சொல்லிச் சிரிப்பாரேன்னு ஒளிச்சேன். அண்ணன் திட்டு வாங்கறதைப் பாத்துக்கிட்டு இவ்வளவு நேரம் மரம் மாதிரி நின்னேன். என் வீட்டுச் சாவியை வேணா வாங்கிக்குங்க. அவரை விட்டுடுங்க."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இப்போது வரும் அந்தச் சிரிப்பு.

வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பழகிய பல் டாக்டர், தன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். கணவர் எழுந்து போய், சாவியை டிரைவரின் சட்டைப் பையில் போட்டார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, திருப்புளியை எடுத்துத் தட்டை மறுபடி மெஷினில் பொருத்த ஆரம்பித்தார். ஒரு திருகாணி கை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்தார். எடுத்த பிறகும் நிமிரவில்லை.

"இவங்க ஒருத்தர்தான் கேட்டாங்களா?" என்றார் பல் டாக்டர் டிரைவரிடம்.



"அவரைக் கேக்காதீங்க டாக்டர்," என்றார் செயலாளர் தரையைப் பார்த்து. "எனக்கும்தான் மெஷின் சாயுது. இவ கேக்கறதுக்கு முந்தியே நான் கேட்டுட்டேன்."