மெஷினுக்கு ஒரு காம்பரா

"பிள்ளைகளை வேற எங்கயாவது மாத்துங்க. மெஷின் வைக்க இந்த ஒரு இடந்தான் தோதா இருக்கு."

கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் றோலண்ட் இப்படிச் சொன்னபோது, கொழுந்தெடுக்கும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் அந்தப் பிள்ளைக் காம்பராவில், ஆயா அம்மாக்கண்ணுவின் மடியில் ஒரு கைக்குழந்தை மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

எண்பத்தேழாம் வருடம். தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு முதன்முதலாகக் கம்பியூட்டர் வருகிறது. கொழும்பில் புதிதாகப் பொருத்திச் செய்த மெஷின். ராகலைப் பக்கம் எந்தத் தோட்டத்திலும் இப்படி ஒன்று இல்லை என்று தோட்டத்து மேனேஜர் தொரைக்கு ஒரே பெருமை. மாதக் கடைசியில் சேர்மன் வந்து திறந்து வைக்கப்போகிறார்.

"இங்கயா?" தொரையே திகைத்துப் போனார். "கூரை ஒழுகுமே!"

"கூரையை மாத்திடலாம் சார். தரைக்குச் சீமெந்து போடணும். மேலே பலகை அடிக்கணும். ஜன்னலுக்குக் கண்ணாடி. ஒரு ஹீட்டர் கட்டாயம் வேணும். இந்த மெஷின் குளிர் தாங்காது."

"ஆபீஸ் ரூம்?"

"அது சரிவராது சார். ஆள் வந்து போற இடம், தூசு படியும்."

தொரை உடனே ஒத்துக்கொண்டார். "என்னென்ன வேணும்னு எழுதிக் குடுங்க. நாளைக்கே தகரம் வந்து இறங்கும்."

நாளைக்கே! 

ஆறு வருடமாக அம்மாக்கண்ணு கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கூரைத் தகரம். மழை பிடித்தால் தொட்டிலுக்குத் தொட்டில் டப்பா வைத்து ஒழுகலை ஏந்துவாள். போன மார்கழியில் இரண்டு பிள்ளைகள் சளி நெஞ்சில் கட்டிப் போய்ச் சேர்ந்தன. அப்போதும் தொரை, "பார்ப்போம்" என்றுதான் சொன்னார்.

தொரை போனதும் அவள் வாயைத் திறந்தாள்.

"ஐயா, நீங்களும் தோட்டத்துல பொறந்தவருன்னு கிளாக்கர் சொன்னாரு. உங்கம்மாவும் உங்கள இப்படி ஒரு காம்பராவுல போட்டுட்டுத்தானே கொழுந்தெடுக்கப் போயிருப்பாங்க?"

"ஆமா," என்றான் றோலண்ட், சுவரை நாடாவால் அளந்துகொண்டே. "என்னையும் தம்பியையும். நான் மட்டுந்தான் வளந்தேன்."

அதைச் சொல்லும்போதுகூட அவன் நாடாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லாம் தெரிஞ்சும் செய்றானே பாவி என்று அவள் மனம் கொதித்தது.

பதினேழு பிள்ளைகளும் கோயில் மண்டபத்துக்குப் போனார்கள். காற்றுக்கு மறைப்பாகச் சுற்றிலும் சாக்கைக் கட்டிவிட்டார்கள். மூச்சு இழுத்த குழந்தையின் தாய் நாகலெட்சுமி, றோலண்ட் அந்தப் பக்கம் வந்தபோது மண்ணை வாரித் தூற்றினாள்.

"நம்ம சனத்துல நாலெழுத்துப் படிச்சவன் நமக்கே குழி வெட்டுறான்! வெளங்குவானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அடுத்த பன்னிரண்டு நாளும் அவன் மேசன்மாரை விரட்டி வேலை வாங்கினான். பலகைக்கு இடையில் காற்று வருகிறது, இன்னொரு தடவை அடி என்பான். தரையில் ஈரம் தெரிகிறது, திரும்பப் பூசு என்பான். சொந்த வீடு கட்டுகிறவன்கூட அவ்வளவு பார்க்கமாட்டான்.

பதின்மூன்றாம் நாள் மெஷின் வந்து இறங்கியது. தூசு கூட்டுவதற்கு அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டி முடித்தவள் வாசலில் நின்று பார்த்தாள்.

பெட்டிகளைப் பிரித்து, றோலண்ட் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான். வயர்களைப் பின்னால் செருகினான். சுவிட்சைப் போட்டான். மெஷின் மெல்ல முனகியது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வரிவரியாக ஏறின. தொரை சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் ஓடத் தொடங்கியது. திரை ஒருமுறை சுருங்கி, அணைந்துபோனது.

"என்ன ஆச்சு?"

"இங்க வர்ற கரண்டு பெக்டரி லைன் சார். ரோலர் ஓடினா வோல்டேஜ் விழுது. இப்படியே விட்டா மெஷின் பழுதாயிடும். ஆபீசுக்குத் தனி லைன். அங்கதான் வைக்கணும்."

"அங்கருந்து இங்க கரண்டு இழுக்க முடியாதா?"

"தூரம் சார். சேர்மன் வர நாலு நாள்தான் இருக்கு."

தொரையின் முகம் சிவந்துவிட்டது. "ஆபீஸ் சரிவராதுன்னு நீதானே சொன்னே? முதல் நாளே லைனைப் பார்க்கத் தெரியாதா? நீயெல்லாம் ஒரு இன்ஜினியரா?"

"பிழை என்னோடதுதான் சார்."

"உன்னைப் பத்திக் கொழும்புக்கு எழுதுறேன்."

"எழுதுங்க சார்."

தொரை புதுக் கூரையையும் பலகையையும் அண்ணாந்து பார்த்தார். கழற்றினால் எதுவும் முழுதாக வராது. சற்று யோசித்தவர், "சரி, பிள்ளைகளையே திரும்பக் கொண்டாங்க," என்றார். "அதுகளுக்காக நான் செஞ்சதுன்னு சேர்மன் கிட்ட காட்டலாம்."

ஏச்சு விழுந்தபோது, நல்லா வேணும் என்றுதான் அம்மாக்கண்ணு நினைத்தாள். ஆனால் மறுநாள் காலை, புதுத் தரையில் பிள்ளைகளைக் கிடத்தும்போது அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது. என்ன இருந்தாலும் அவனும் ஒருத்தி பெத்த பிள்ளை. வேலை போய்விட்டால்?

மெஷினை ஆபீசில் வைத்துவிட்டு, பெட்டியோடு பஸ்ஸுக்குப் புறப்பட்ட றோலண்ட், போகிற வழியில் காம்பரா வாசலில் ஒரு நிமிடம் நின்றான். அவள் எழுந்து ஓடினாள்.

"தம்பி, ஆபீஸ்ல ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சு கெடக்கு. குளிர்காத்து நேரா மெஷின் மேலதான் அடிக்குது. இந்த ஹீட்டரையாச்சும் கழட்டி அங்க வச்சுட்டுப் போங்க. இல்லாட்டி அதுக்கும் உங்களத்தானே ஏசுவாங்க?"

றோலண்ட் உள்ளே எட்டிப் பார்த்தான். நாகலெட்சுமியின் குழந்தை சிணுங்காமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"அது இங்கயே இருக்கட்டும்மா," என்றான் தாழ்ந்த குரலில். "மெஷினுக்குச் சூடுதான் ஆகாது. குளிர் ரொம்ப நல்லது."