முகம் இல்லாத படம்

“அப்பா, பல்லி ஏன் சுவர்லேருந்து விழல?”

“தொணதொணக்காதடி. போய்ப் படி.”

மகளை விரட்டிவிட்டு அப்பா கைப்பேசிக்குத் திரும்பினார். ஆபீஸ் நண்பர் அனுப்பியிருந்த நன்கொடைப் பக்கம் அது. ஏதோ ஒரு வகுப்புக்கு நுண்ணோக்கி வாங்க வேண்டுமாம். படத்தில், குனிந்து எறும்பைப் பார்க்கும் ஒரு சிறுமியின் முதுகு.

“இதைக் கேளு,” என்று மனைவிக்கு உரக்கப் படித்தார். “‘இந்தக் குழந்தை எதைக் கேட்டாலும் வீட்டில் விரட்டுகிறார்கள். நாமாவது பதில் காட்டுவோம்.’ சே, இதுங்கள்லாம் எதுக்குப் புள்ள பெத்துக்குதுங்க?”

கண் கலங்கப் பணம் அனுப்பினார்.

மகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, அது நான்தான்! முகம் தெரியாமதான் போடுவேன்னு டீச்சர் சொன்னாங்க.”

படத்திலிருந்த அதே முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“வீட்டு விஷயத்தை வெளிய ஏண்டி சொன்ன?”