மந்திரம் பலிக்காத முத்துக்குளிப்பவன்

‘பெயர் கஸ்பார், வயசு இருபத்திரண்டு, இருப்பது தூத்துக்குடி.’ மணப்பாட்டிலிருந்து துறைமுக வேலைக்கு வந்திருக்கும் கஸ்பார், கப்பல்காரன் ஹென்றி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டில் தன் பெயரிலேயே ஒரு முத்துக்குளிப்பவனை உருவாக்கி, நோட்டில் இப்படி எழுதியிருக்கிறான். சூனியத்துக்குப் பயந்து, கீழே சொந்தமாக ஒரு விதியும் சேர்த்திருக்கிறான்: ‘இவன்மேல் எந்த மந்திரமும் பலிக்காது.’ ஞாயிறு பூசை முடிந்த வெயில், ஹென்றி வீட்டு ஜன்னல் கம்பிகளின் நிழலைப் பாயில் கோடு போடுகிறது. விளையாட்டில் சுறா அவன் தொடையைக் கவ்விவிட்டது. மந்திரக்காரியாக ஆடும் ஹென்றியின் தங்கை விக்டோரியா, பனங்கிழங்கை உரித்தபடி சிரிக்கிறாள். “விக்டோரியா, காயம் ஆத்துத மந்திரத்தச் சீக்கிரம் சொல்லு!” “சொல்லி என்ன செய்ய? எந்த மந்திரமும் பலிக்காதுன்னு நீங்கதான எழுதுனீங்க?” கஸ்பாரின் உள்ளங்கையில் பகடை வியர்வையில் வழுக்குகிறது. கதையை நடத்தும் ஹென்றி நோட்டைத் தட்டி, விரல்விட்டு எண்ணுகிறான். “ஏலே, விதின்னா விதிதான். மூணு எண்ணுததுக்குள்ள ரத்தம் நிக்கலன்னா நீ செத்த. ஒண்ணு... ரெண்டு...” விக்டோரியா கிழங்கைக் கீழே போடுகிறாள். “என் மந்திரக்காரி முந்தானையக் கிழிச்சுக் காயத்துல கட்டுதா! துணியில என்ன மந்திரம் இருக்கு?” ஹென்றியின் மூன்றாவது விரல் பாதியில் நிற்கிறது. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதுகிறது. கஸ்பார் சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்து, விதியின் கீழே எழுதுகிறான்: ‘ஆனால் கட்டுப் போடலாம். இந்த நோட்டை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து இதை அழிக்க வேண்டாம்.’