பிறவுண் முடிக்காரி

நியூ லின்னில் தர்சிகா நடத்தும் சலூனுக்குள், யூலை மாதக் குளிர்காலத்திலும் வியர்க்க வியர்க்க நுழைந்தாள் றொஷானி. கணவன் மேர்வினின் கைப்பேசியை நீட்டினாள்.

“இவளின்ரையைவிட வடிவான பிறவுண் எனக்கு அடிச்சு விடும், தர்சிகா!”

படத்தில் ஒரு பெண்ணின் பின்தலை. செம்பழுப்புக் கூந்தல் சுருள்சுருளாகக் கிடந்தது.

“பதினெட்டு வருசம் சமைச்சுப் போட்டது நான். அந்த மனிசன் ஒளிச்சு வைச்சுப் பார்க்கிறது இவளை!” றொஷானியின் குரல் உடைந்தது.

தர்சிகா சிரித்துவிட்டாள்.

“அக்கா, இது நீங்கள்தான். உங்கடை பிறந்தநாளுக்கு எந்த விண்டர் கலர் பொருந்தும் எண்டு அண்ணை உங்களைப் பின்னாலை நிண்டு படமெடுத்து அனுப்பிக் கேட்டவர். நான்தான் ஆப்பிலை கலர் மாத்தி, சுருட்டியும் விட்டு அனுப்பினனான்.”

றொஷானி கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தாள்.

“பின்னாலை பார்க்க நான் இவ்வளவு வடிவோ?”