ராய்ஸ் அழுத்திய சிவப்பு

வாக்கெடுப்பு முடியும்வரை சட்டமன்றக் கதவுகள் பூட்டியிருக்கின்றன. ஆளுங்கட்சிக்காரரான மாநிலத் தலைமை வழக்கறிஞர் கட்லரைப் பதவியிலிருந்து இறக்க இன்னும் ஒரே ஒரு ஓட்டு வேண்டும். எதிர்க்கட்சிக் கிழவர் விர்ஜில், இறக்கச் சம்மதம் என்னும் பச்சைப் பொத்தானைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். அதை அழுத்துவதாக மார்லாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். கட்லர் தகாத முறையில் கைவைத்த பெண் அவள். மேலே பார்வையாளர் வரிசையில் கழற்றிய கோட்டை மடியில் சுருட்டிப் பிடித்திருக்கிறாள். "அந்தப் பொறுக்கி நவம்பர் வரைக்கும் நாற்காலியில இருக்கணும், பெருசு. அவன் மூஞ்சியக் காட்டித்தான் நாம தேர்தல்ல ஜெயிக்கணும்" என்கிறான் பக்கத்து இருக்கையில் இருக்கும் அதே கட்சி ராய்ஸ், புதினா மிட்டாயைக் கடித்தபடி. "அந்தப் பொண்ணு பார்க்குதுடா." "பார்த்துட்டுப் போகட்டும். உனக்கு மறுபடி சீட்டு வேணாமா?" விர்ஜில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொள்கிறார். எழுந்துபோன ஆளுக்குப் பக்கத்து ஆள் அழுத்துவது இந்த அவையில் பழகிப்போன திருட்டுத்தனம். ஆள் உட்கார்ந்திருக்கும்போதே ராய்ஸ் சாவகாசமாகக் கை நீட்டிச் சிவப்பை அழுத்துகிறான். சுவர்ப் பலகையில் விர்ஜில் பெயர் சிவந்து எரிகிறது. மாற்ற வேண்டுமானால் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மார்லா பலகையை விட்டு அவரைப் பார்க்கிறாள். முழங்கால் வலிக்கிறது என்று விர்ஜில் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.